கருப்பை இறுகுவது எவ்வாறு?



நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடந்தோறும் ஏறக்குறைய 500 முதல் 700 மில்லிலீற்றர் வரை இரத்தம் பாய்கின்றது. குழந்தை பிறந்து, நச்சுக்கொடியும் கழன்று வந்ததும், அவ்விரத்தத்தைக் கொண்டுவந்த நாளங்களின் வாய்கள் திறந்தபடி நிற்கின்றன. அவற்றை அடைப்பது யார்? அங்கே கட்டுப் போடவும் இயலாது, தையலிடவும் இயலாது. இரத்தம் உறைதல் துணை செய்யுமேயன்றி, முதற் காவலாக அமைவது கருப்பைச் சுவரின் தசையே. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அத்தசை நார்கள் இறுகித் தம்மிடையே செல்லும் நாளங்களை நெரித்து மூடுகின்றன. அவை இறுகத் தவறினால், காலையில் நலமாயிருந்த தாய் மாலைக்குள் உயிர் துறக்கவும் கூடும்.

ஊவா மலைத்தோட்டங்களில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. மடுல்சீமையிலோ நமுனுகலையிலோ உள்ள ஒரு லயத்திலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் பாதை, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்து அதுவும் அடைபடுவதுண்டு. லயக் காம்பராவில் மருத்துவிச்சியின் கையிலேயே பிள்ளை பிறந்த காலம் போய், இன்று பெரும்பாலும் எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியிலேயே நிகழ்கின்றன. ஆயினும் கருப்பை இறுகும் விதத்தை நாம் அறிந்திருப்பது நன்று.

கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தாங்கும் தோள் தசை, நாம் நினைத்தவுடன் இயங்குவது. கருப்பை, குடல், சுவாசக் குழாய், இரத்த நாளம் ஆகியவற்றின் சுவர்களிலுள்ள மழமழப்பான தசையோ நம் கட்டளைக்குச் செவி சாய்ப்பதில்லை. அதற்குக் கட்டளையிடுவது கல்சியம். ஓய்ந்திருக்கும் தசைக் கலத்தினுள் உள்ள கல்சியம், வெளியிலுள்ளதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கலமென்சவ்வின் வாயில்கள் திறந்ததும் அது வெளியிலிருந்து பாய்கின்றது. கலத்துக்குள்ளேயே உள்ள சேமிப்பறைகளிலிருந்தும் வெளிப்படுகின்றது.

முன்னாளில் தோட்டங்களில் விடியுமுன் தப்படித்துத் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தனர். தப்பொலி கேட்ட மாத்திரத்தில் எவரும் மலையேறிக் கொழுந்தெடுக்கத் தொடங்கிவிடுவதில்லை. பெரட்டுக் களத்தில் பேர் பதிந்த பின்னரே வேலை. மழமழப்பான தசையிலும் இவ்வாறே. கல்சியம் என்பது தப்பொலி. அதைக் கேட்கும் செவி, கால்மொடுலின் எனும் சிறு புரதம். நான்கு கல்சிய அயன்களைப் பற்றிக்கொண்ட கால்மொடுலின், ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்புகின்றது. அந்நொதியமே கணக்கப்பிள்ளை. மயோசின் என்னும் புரதத்தின் ஓரத்தில் ஒரு பொஸ்பேற்றைப் பொருத்திப் பேர் பதிவது அதன் தொழில். பேர் பதிந்த மயோசின் மாத்திரமே அருகிலுள்ள அக்தின் இழையைப் பற்றி இழுக்கும். ஆயிரமாயிரம் மயோசின்கள் இழுக்க, கலம் குறுகுகின்றது. தோள் தசையில் கல்சியம் அக்தின் இழைமேலுள்ள பூட்டைத் திறக்கின்றது; இங்கே அப்பூட்டு இல்லை. மயோசினே பேர் பெற வேண்டும்.

பதிந்த பேரை அழிப்பதற்கும் வேறொரு நொதியம் உண்டு. அது இடையறாது பொஸ்பேற்றைக் கழற்றிக்கொண்டேயிருக்கும். ஆகவே எழுதுபவனும் அழிப்பவனும் நடத்தும் போட்டியில் எவன் கை ஓங்குகின்றதோ, அதற்கேற்பவே தசை இறுகும் அல்லது தளரும். சில சமயங்களில் உடல், அழிப்பவனின் கையைக் கட்டிப்போட்டே தசையை இறுக்குகின்றது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. பேர் அழிந்த பின்னும் சில மயோசின்கள் பிடித்த பிடியை விடாது, மிகக் குறைந்த சக்திச் செலவில் நெடுநேரம் தாங்கி நிற்கும். தோள் தசைக்கு இத்திறன் இருந்திருந்தால், நிறைந்த கூடையின் பாரம் பாதியாய்த் தோன்றியிருக்கும்!

கருப்பைத் தசைக்குக் கல்சியத்தை அழைத்து வருவது ஒக்சிடோசின் என்னும் ஓமோன். கபச் சுரப்பியிலிருந்து வரும் இப்பொருள், கருப்பையைச் சுருக்குவதை 1906 ஆம் ஆண்டில் ஹென்றி டேல் எடுத்துக்காட்டினார். வின்சென்ட் டு விக்னோ 1953 இல் இதனை ஆய்வுகூடத்தில் ஆக்கி, 1955 இல் நோபல் பரிசு பெற்றார். பேறுகாலம் நெருங்க நெருங்க, இவ்வோமோனை ஏற்கும் வாங்கிகள் கருப்பையில் பன்மடங்கு பெருகுகின்றன. பக்கத்துக் கலங்களுக்கிடையே நுண்ணிய வாயில்களும் தோன்றுகின்றன. அதனாற்றான் கோடிக்கணக்கான கலங்கள் ஒருமித்துச் சுருங்குகின்றன. குழந்தை முலையுண்ணும்போதும் ஒக்சிடோசின் சுரக்கின்றது. பிறந்த பிள்ளையை உடனே தாயின் மார்பில் இடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஓயாது தட்டினால் கதவும் பழுதாகும். பல மணி நேரம் ஒக்சிடோசின் ஏற்றப்பட்ட கருப்பையில் வாங்கிகள் மந்தமடைகின்றன. நீண்ட வேதனைக்குப் பின் கருப்பை தளர்ந்து போவதற்கு இதுவும் ஏதுவாகின்றது.

இறுக்குவதற்கு மட்டுமன்று, தளர்த்துவதற்கும் மருந்துண்டு. அவற்றுள் ஒன்று நம் தேயிலையிலேயே கண்டெடுக்கப்பட்டது. 1888 இல் ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் கொசெல் தேயிலையிலிருந்து தியோபிலின் என்னும் பொருளைப் பிரித்தார். அது சுவாசக் குழாயின் தசையைத் தளர்த்துவதால் நெடுங்காலம் ஆஸ்துமாவிற்கு மருந்தாயிற்று. தேயிலையில் அது மிகச் சிறிதளவே உண்டு. ஒரு கோப்பைத் தேநீரால் இழுப்பு நீங்குமென எண்ணலாகாது. ஆஸ்துமாவுக்குத் தரும் சல்பியூட்டமோலும், குறைமாதத்தில் எழும் பிரசவ வேதனையைத் தடுக்க ஒருகாலத்தில் பயன்பட்டது. சுவாசக் குழாயிலும் கருப்பையிலும் பேர் பதியும் முறை ஒன்றே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிரசவம் முடிந்ததும் தாதி தாயின் அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கருப்பை உருண்டையாய்க் கெட்டிப்பட்டிருந்தால் தசை தன் கடமையைச் செய்கின்றது. பிசைந்த மாவைப்போல் தளர்ந்திருந்தால் அவர் அதைத் தேய்த்து இறுக்க முயல்வார்; சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை நன்கு இறுகாதாகையால் அதை வெறுமையாக்குவார். 500 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் போனால் அதனை மருத்துவர் மிகை இரத்தப்போக்கெனக் கொள்வர். அதைத் தடுக்கவே பிள்ளை பிறந்தவுடன் 10 அலகு ஒக்சிடோசின் ஏற்றப்படுகின்றது.

இம்மருந்து வெப்பத்தில் வீரியம் இழப்பது. பெரும்பாலான வகைகளை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைத்தல் வேண்டும். மின்சாரம் அடிக்கடி தடைப்படும் இடங்களில் இது பெருஞ்சிக்கல். இக்குறையை நீக்க, 30 பாகை வெப்பத்திலும் கெடாத கார்பெடோசின் வகை ஒன்று ஆக்கப்பட்டது. பத்து நாடுகளில் ஏறக்குறைய 30,000 தாய்மாரிடம் அது சோதிக்கப்பட்டு, ஒக்சிடோசினுக்குச் சற்றும் தாழாது நிற்பதாக 2018 இல் முடிவு வெளியாயிற்று. அதுவும் வாங்கியைத் தட்டிக் கல்சியத்தை வரவழைப்பதே. ஆனால் ஒக்சிடோசினைவிட நெடுநேரம் தட்டிக்கொண்டிருக்கும்.