எம் கதைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

இக்குளிர்காலத்தில் வோபர்னிலுள்ள எமது வீட்டிற் பார்த்தவை இரண்டு திரைப்படங்களும் ஒரு தொலைக்காட்சித் தொடரும். படித்தவை இரண்டு நாவல்கள். ஐந்தும் எம்மவரோடு தொடர்புடையவை. புதியவை என்று சொல்வதற்கில்லை. வாசகர்களிற் பலர் முன்னரே பார்த்தும் படித்தும் இருப்பர். ஊரில் ஆசிரியத் தொழில் பார்த்த எமக்கு இங்கே வாய்த்தது வேறு வேலை. அந்த வேலை விட்டுவைத்த வார இறுதிகளில், எண்பது வயதைத் தாண்டிய எம் தாயாரும் கனடாவிற் பிறந்த எம் மகளும் பக்கத்திலிருக்க, ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தோம்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தோர் நினைவிற் கொள்வர்: தமிழ்க் கடைகளில் மரக்கறியோடும் கருவாட்டோடும் வீடியோப் படங்களும் வாடகைக்குக் கிடைத்தன. அப்படங்களில் வாழ்ந்தவர்கள் சென்னையாரும் மதுரையாரும். நாம் அங்கே இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ‘தெனாலி’ வந்தது. எதற்கெடுத்தாலும் அஞ்சும் ஈழத்து அகதியாக வந்த கமல்ஹாசனின் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு நாமும் சேர்ந்து சிரித்தோம். எமது அச்சம் எமக்கே வேடிக்கையாகக் காட்டப்பட்டது பற்றி அப்பொழுது எவரும் பெரிதாக யோசிக்கவில்லை.

இன்று அந்தப் பஞ்சமில்லை. உலகின் பெரிய விருதுகளெல்லாம் எமது கதைக்குக் கிடைத்துவிட்டன. ஆயினும் இந்த ஐந்தையும் அடுத்தடுத்துப் பார்த்துப் படித்தபோது, ஒவ்வொன்றிலும் எமக்கும் எம் கதைக்கும் இடையில் ஒருவர் நிற்கக் கண்டோம். அகதிக் கோரிக்கை விசாரணைக்குப் போன ஒவ்வொரு குடும்பமும் அவரை அறியும். அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

‘தீபன்’ படத்தில் அவர் நேராகவே வருகிறார். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த இப்படம் 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. போர் முடியும் வேளையில் முன்னாட் போராளி ஒருவனும், ஒரு பெண்ணும், தாயற்ற சிறுமி ஒருத்தியும் இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் ஏறிப் பிரான்சுக்குப் போகின்றனர். மூவருக்குமிடையில் இரத்த உறவு ஏதுமில்லை. தஞ்சக் கோரிக்கை அதிகாரியின் முன்னால் அவன் மனப்பாடஞ் செய்த கதையை ஒப்புவிக்கிறான். இடையிலிருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழர். பொய்யை உடனே பிடித்துவிடுகிறார். அவனுக்குத் தமிழிற் சொல்வது ஒன்று, அதிகாரிக்குப் பிரெஞ்சிற் சொல்வது வேறொன்று. திரையரங்கிற் பிரெஞ்சுக்காரர் அடியில் ஓடும் எழுத்தைப் பார்த்து அறிந்துகொண்டதை, எம் தாயார் காதாற் கேட்டே அறிந்துகொண்டார். படத்தில் உரையாடலிற் பெரும்பகுதி தமிழ். அன்றைக்கு எழுத்துத் தேவைப்பட்டது எம் மகளுக்குத்தான்; அதுவும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கு மட்டும். மூன்று தலைமுறையும் ஒரே நேரத்திற் சிரித்ததும் அப்படத்திற்றான். பிரெஞ்சுக்காரரின் பகிடி விளங்கவில்லை என்று தீபன் குறைப்பட, மொழி காரணமல்ல, தமிழிலும் உனக்குப் பகிடி வராது என்ற பொருள்பட அந்தப் பெண் பதில் கொடுக்கும் இடம் அது.

தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி என்னும் அன்ரனிதாசன் யேசுதாசன். இளவயதில் இயக்கத்திலிருந்து, பின்னர் பிரான்சில் அகதியானவர். காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். அவரது தமிழில் அங்கங்கே சென்னை எட்டிப் பார்த்ததை எம் தாயார் விடாமற் சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தபோதிலும் அந்த முகத்திற் கண்ட சலிப்பும் அச்சமும் எம் மண்ணினவே. தொடக்கத்திற் காரிருளில் இரண்டு சிறு விளக்குகள் மின்னி மின்னி நெருங்கி வரும். தெருவில் விற்பதற்கான விளையாட்டு விளக்கைத் தலையில் அணிந்து தீபன் வருகிறான் என்பது பிறகே தெரியும். வந்த புதிதில் எம்மவர் பார்த்த தொழில்களையெல்லாம் அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. இறுதிப் பகுதிதான் எமக்கு ஒப்பவில்லை. கட்டடக் காவலாளாக அடங்கி வாழ்ந்தவனை மறுபடியும் ஆயுதத்தோடு ஓடவைக்கிறார் இயக்குநர். போரிலிருந்து வந்தவனுக்கு வேறு முடிவே இல்லை என்று பாரிஸிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றியிருக்கலாம். வோபர்னிலே போரிலிருந்து வந்தோர் பேருந்து ஓட்டுகிறார்கள், பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிச் செல்கிறார்கள். அது படத்துக்கு ஆகாது போலும்.

அடுத்தது ‘ஃபன்னி போய்’. ஷியாம் செல்வதுரை 1994இல் எழுதிய நாவலைத் தீபா மேத்தா 2020இற் படமாக்கினார். கொழும்பின் வசதியான தமிழ்க் குடும்பம். மணப்பெண்ணாகச் சேலையுடுத்து விளையாட விரும்பும் சிறுவன். பின்பு 1983 ஆடி. ஆணை ஆண் காதலிக்கும் கதை என்பதால் எம்மவர் வீடுகள் பலவற்றில் இந்நூல் நுழையவேயில்லை. அது நட்டம் என்பதே எம் கருத்து. தன் வீட்டாருக்கே அந்நியனாக நிற்கும் ஒரு பிள்ளையின் கண்ணால், தன் நாட்டுக்கே அந்நியராக்கப்பட்ட ஒரு குடும்பத்தை அந்நூல் காட்டுகிறது. இரண்டு துயரமும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

படத்தின் கதை வேறு. முன்னோட்டம் வெளிவந்தவுடனேயே, முக்கிய வேடங்களிற் சிலவற்றைத் தமிழர் அல்லாதார் ஏற்றிருப்பதும் தமிழ் உச்சரிப்புச் சிதைந்திருப்பதும் பற்றித் தமிழர் கண்டனம் எழுப்பினர். பிறமொழிப் படங்களுக்கான ஒஸ்கார் விருதுக்குக் கனடா அதனைத் தன் சார்பில் அனுப்பியது. உரையாடலிற் பாதிக்கு மேல் ஆங்கிலமல்லாத மொழியில் இருத்தல் வேண்டும் என்பது அங்கே விதி. ஆங்கிலம் மிகுதி என்று படம் தள்ளப்பட்டது. இருந்த தமிழ் சரியில்லை என்றனர் எம்மவர். இருந்த தமிழ் போதாது என்றது ஒஸ்கார். எம் தாயார் பாதியில் எழுந்து தேநீர் வைக்கப் போனார்.

நாவல்களில் முதலாவது ‘த போட் பீப்பிள்’ (2018). எழுதிய ஷரன் பாலா நியூபவுண்ட்லாந்தில் வாழ்பவர். 1986 ஆவணியில் 155 தமிழர் உயிர்காப்புப் படகுகளில் மிதக்க, மீனவர்கள் கண்டெடுத்துக் கரைசேர்த்ததும் அம்மாகாணக் கடலிற்றான். ஆனால் நாவலுக்கு அடியெடுத்துக் கொடுத்தது 2010இற் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 492 பேருடன் வந்த ‘சன் சீ’ கப்பல். மகிந்தன் என்னும் தந்தை தடுப்பு முகாமில். சிறு மகன் வேறிடத்தில், பின்பு வளர்ப்புக் குடும்பத்தில். வழக்கில் உதவ வரும் பிரியா தமிழ்ப் பெண், தமிழோ வராது. தன் பாட்டன் மொழி பேசும் மனிதனோடு பேச அவளுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருப்பவர், போர்க்காலத்திற் கனடா அரசு முகாம்களில் அடைத்த யப்பானியக் குடும்பமொன்றின் வழிவந்தவர். தந்தையைக் காண வரும் மகனின் நாவில் ஆங்கிலம் ஏற ஏற, இருவருக்குமிடையிலுள்ள தூரமும் ஏறுகிறது. அந்தப் பக்கங்களை எம் மகள் இருமுறை வாசித்ததாகச் சொன்னாள். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

தொலைக்காட்சித் தொடர் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. நெற்பிளிக்ஸில் 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்கள் ஓடிய ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ பள்ளிக்கூடக் காதற் கூத்து. ஆனால் 15,000 பேரிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட மைத்ரேயி இராமகிருஷ்ணன் மிசிசாகாவில் வளர்ந்த ஈழத்து அகதிக் குடும்பத்துப் பிள்ளை. திரையில் அவர் கலிபோர்னியாவில் வாழும் இந்தியத் தமிழ்ப் பெண். தெனாலியில் இந்தியத் தமிழர் எம்மவராக நடித்தார். இதில் எம்மவர் இந்தியத் தமிழராக நடிக்கிறார். கணக்குச் சரி.

கடைசியாகப் படித்தது வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’. 2023இல் வெளிவந்து, 2024இற் பெண்கள் புனைகதைப் பரிசையும் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் வென்றது. எண்பதுகளின் யாழ்ப்பாணம்; மருத்துவராக ஆசைப்படும் சசி; நான்கு சகோதரர். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ் நூலகம் எரிந்ததும் உண்டு. இயக்கத்தையும் இராணுவத்தையும் நூல் ஒரே கண்ணாற் பார்க்கிறது. இது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் படிக்க வேண்டியதே.

நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அக்காலத்தில் அந்த ஒழுங்கைகளில் வாழ்ந்த எம் தாயாருக்கு ஆங்கிலம் வராது. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் தமிழில் வந்தது. அதை எம் மகள் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே படித்தாள். பேர்த்தி படிப்பதைப் பாட்டி அறியார். பாட்டி பேசும் மொழியிலுள்ளதைப் பேர்த்தி படியாள். ஆதலால் இரவு உணவின் பின் நாம் நடுவில் அமர்ந்து, ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்தபடி தமிழிற் சொல்லி வருகிறோம். மகளும் வந்து கேட்கிறாள். ஒரு சொல் பிசகினால் திருத்துகிறாள்.

முதல் அத்தியாயத்திற் கொதிநீர் பட்டுச் சசி துடிக்க, அயல் வீட்டுப் பையன் ஓடிவந்து முட்டையை உடைத்து ஊற்றுகிறான். “வெள்ளைக்கருதான் பூச வேணும். எங்கட ஆச்சியும் அதைத்தான் செய்யிறவ” என்றார் தாயார். நூலகம் எரிந்த பகுதியில் ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைக்க நாம் எழுந்தபோது கேட்டார்:

“பிள்ளை, அந்தப் பெட்டை சோதினை பாஸ் பண்ணினவளே?”