நங்கூரமிட்ட படகும் தளிர்நடைக் குழந்தையும்

நீர்வழிகளே பாதைகளாக விளங்கும் பகுதிகள் இந்தியாவில் பல உண்டு. வங்காளத்துச் சுந்தரவனம், பிரம்மபுத்திரா நதியின் நடுவே அமைந்த மாஜுலித் தீவு, காஷ்மீரத்துத் தால் ஏரி, கேரளத்துக் குட்டநாடு ஆகியவை அவற்றுள் சில. இவ்விடங்களில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் உறவினர் இல்லத்துக்கும் குடும்பத்தோடு படகேறிச் செல்லுதல் பழைய வழக்கமாகும். வீட்டுப் படகில் ஓரிரவு தங்கி விடுமுறையைக் கழிக்கும் வெளியூர்க் குடும்பங்களும் இப்பொழுது பெருகியுள்ளன. இவ்விரு சாராருடனும், நடை பழகத் தொடங்கிய ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பயணம் செய்வது சாதாரணமாகக் காணும் காட்சியே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நால்வரில் ஒருவர் என்னும் அளவில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் இருந்தனர். இம்மரணங்களில் மிகப் பல தடுக்கக்கூடியவை. தடுப்பதற்கு வேண்டிய அறிவும் கடினமானதன்று. பள்ளியில் கற்பிக்கும் பௌதிகத்துள் பெரும்பாலும் அடங்கிவிடுவது.

படகு ஓடிக்கொண்டிருக்கும்பொழுது பெரியோர் அனைவரும் விழிப்புடன் இருப்பர். குழந்தையும் எவர் மடியிலாவது அமர்ந்திருக்கும். நங்கூரம் விழுந்து படகு நின்றதும் நிலைமை மாறுகிறது. ஒருவர் சமையலைக் கவனிக்கிறார். மற்றொருவர் நீராட இறங்குகிறார். இன்னொருவர் கயிற்றைச் சரி செய்கிறார். குழந்தையை யாரோ பார்த்துக்கொள்கிறார் என்று ஒவ்வொருவரும் எண்ணுகின்றனர். மடியிலிருந்து இறங்கிய குழந்தையோ நடக்க விரும்புகிறது. ஆகவே படகு நின்றவுடன் அபாயம் நீங்கிவிடுவதில்லை. உருவம் மாறுகிறது என்பதே உண்மை. காவல் ஏற்பாடுகள் யாவும் நங்கூரம் இறங்குவதற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும்.

குழந்தையின் உடலமைப்பு

பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் நான்கில் ஒரு பங்காகும். இரண்டு வயதில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வளர்ந்த மனிதரில் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். எனவே சிறு குழந்தையின் புவியீர்ப்பு மையம் அதன் உயரத்தை நோக்க மேலே அமைந்துள்ளது. விளிம்பின்மீது சாய்ந்து நீரை எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுவதற்குக் காரணம் இதுவே. விழுந்தபின் கனத்த தலையைத் தூக்கி மூச்சுவிடும் வலிமை அதன் கழுத்துக்கும் கைகளுக்கும் இல்லை.

நீரில் மூழ்குவோர் கூச்சலிடுவர் என்னும் எண்ணம் தவறானது. மூச்சுவிடவே இயலாத நிலையில் குரல் எழும்புவதில்லை. குழந்தை ஓசையின்றி மூழ்குகிறது. பிராணவாயு கிடைக்காவிடின் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்கும். ஆழம் மிகுதியாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. படகின் அடியில் தேங்கிய நீரும், நீர் இறைக்க வைத்த வாளியுங்கூடச் சிறு குழந்தைக்குப் போதிய அபாயமாகும். தேங்கிய நீரை உடனுக்குடன் இறைத்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தல் நலம்.

படகின் சமநிலை

படகு நிமிர்ந்து மிதப்பதற்கு, ஏற்றிய சுமையின் மையம் தாழ்ந்திருத்தல் அவசியம். சிறு வள்ளத்தில் ஒருவர் எழுந்து நின்றால் அம்மையம் உயர்கிறது. ஒரு பக்கம் பலர் கூடினால் அது பக்கவாட்டில் நகர்கிறது. குழந்தை விளிம்பருகே சென்றதைக் கண்டு நால்வர் ஒருங்கே அப்பக்கம் பாய்வது, ஒரு குழந்தைக்கு நேர்ந்த இடரை அனைவர்க்கும் நேர்ந்த இடராக்கிவிடும். குழந்தைக்கு அருகில் இருப்பவர் ஒருவரே தாழ்ந்து நகர்ந்து அதைப் பற்றுதல் வேண்டும். ஏனையோர் அமர்ந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும்.

அளவுக்கு மீறிய ஏற்றம் இதனினும் கொடியது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று வதோதரா நகரின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவின்போது படகு கவிழ்ந்து 12 மாணவரும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். 1917 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2021 ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், கலங்களின் பதிவு, தகுதிச் சோதனை, உயிர்காப்புச் சாதனங்கள் ஆகியவை பற்றி விதித்துள்ளது. ஏறும் முன் படகின் பதிவையும் ஆள் அளவையும் கேட்டறிதல் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமையாகும். மடியில் உள்ள குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுதல் முறை.

நங்கூரம் பற்றும் விதம்

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகை நிறுத்துகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதன் அலகு தரையைக் கவ்வுவதாலேயே படகு நிற்கிறது. கயிறு தரையை ஒட்டிக் கிடைமட்டமாக இழுத்தால் அலகு மேலும் ஆழப் புதையும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆதலின் கயிற்றின் நீளமே முக்கியம். அணியத்திலிருந்து நீரடித் தரை வரையுள்ள உயரத்தைப்போல் ஐந்து மடங்கும், காற்று வலுத்தால் ஏழு மடங்கும் கயிறு விடுதல் வேண்டும். நீரின் ஆழம் 3 மீட்டர், நீர்மட்டத்துக்கு மேல் அணியத்தின் உயரம் 1 மீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 4 மீட்டர். அமைதியான வேளையில் 20 மீட்டரும் காற்று வேளையில் 28 மீட்டரும் கயிறு வேண்டும். நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலி பிணைத்தால் அதன் எடை கயிற்றைத் தரையோடு தாழ்த்தி வைக்கும்.

சிறு படகை அமரத்தில், அதாவது பின்பகுதியில், நங்கூரமிடலாகாது. அப்பகுதி தாழ்ந்திருப்பதாலும் இயந்திரத்தின் எடை அங்கே அழுத்துவதாலும் அலை எளிதில் உட்புகும். அணியத்தில் கட்டிய படகு காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்நோக்கி நின்று, கயிற்றின் நீளத்துக்கு ஏற்பச் சுழலும். அவ்வட்டத்துக்குள் பாறையோ வேறு படகோ மீன்வலையோ இல்லாதவாறு இடம் தேர்தல் வேண்டும். வேம்பநாட்டுக் காயலின் வடபகுதி கொச்சியில் கடலோடு கலப்பதால் அங்கே ஏற்றவற்றங்களுக்கேற்ப நீரோட்டம் திசை மாறும், படகும் திரும்பும். கரையிலுள்ள தென்னை ஒன்றையும் வீடு ஒன்றையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்துவந்தால், நங்கூரம் இழுபடுகிறதா என்பது விளங்கும்.

இச்செய்திகளுக்கும் குழந்தைக்கும் தொடர்பு உண்டு. நங்கூரம் இழுபட்டால் பெரியோர் அனைவரும் அணியத்துக்கு ஓடுவர். குழந்தை தனித்து நிற்கும். நங்கூரம் இறங்கும்பொழுது விரைந்தோடும் கயிற்றுச் சுருள் பிஞ்சுக் காலைச் சுற்றி இழுத்துவிடவும் கூடும். ஆகவே நங்கூரம் இறக்கும்போதும் ஏற்றும்போதும் குழந்தையைக் கையில் வைத்திருப்பதையன்றி வேறு பணி எதுவும் இல்லாத ஒருவர் குறிக்கப்படுதல் வேண்டும். அவர் விலக நேர்ந்தால், இன்னாரிடம் குழந்தை என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்த பின்னரே விலகுதல் வேண்டும்.

குட்டநாட்டில் அந்திப் பொழுதில் வீட்டுப் படகுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையோரம் கட்டப்படுகின்றன. அங்கே கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள இடைவெளி நங்கூரக் கயிற்றினும் அபாயமானது. படகு அசையும்தோறும் அது விரிந்து சுருங்கும். ஏறு பலகையில் குழந்தையை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுதலும், ஏறி முடிந்ததும் பலகையை எடுத்துவிடுதலும் நன்று.

உயிர்காப்புச் சட்டை

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அண்மையில் உள்ளது. எனவே மூக்கையும் வாயையும் நீருக்கு மேல் நிறுத்தச் சிறிதளவு மிதப்பு விசை போதும். ஒரு லிட்டர் நீரை விலக்கும் பொருள் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும். ஒரு காலத்தில் உயிர்காப்புச் சட்டைகளில் இலவம்பஞ்சு அடைக்கப்பட்டது. அதன் இழைகள் உள்ளே துளையும் மேலே மெழுகுப் படலமும் கொண்டவை. ஆதலின் எளிதில் நனைவதில்லை. இன்று அதனிடத்தைச் செயற்கை நுரைப்பொருள் பெற்றுள்ளது.

குழந்தைக்குப் பெரியோர் சட்டை பயன்படாது. நீரில் விழுந்தால் சட்டை மேலே எழும்பக் குழந்தை கீழே நழுவிவிடும். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, மயங்கிய நிலையிலும் முகத்தை வானோக்கித் திருப்பவல்ல கழுத்துத் திண்டு, கால்களின் ஊடே செல்லும் வார், மேலிருந்து பற்றித் தூக்கத் தோளருகே ஒரு கைப்பிடி, தொலைவிலும் தெரியும் செந்நிறம் ஆகியவை நல்ல சட்டையின் இலக்கணங்கள். காற்றடைத்த விளையாட்டு வளையங்களும் கைப்பட்டைகளும் உயிர்காப்புச் சாதனங்கள் ஆகா. பயணத்துக்கு முன் ஆழமற்ற நீரில், பெரியவர் கைப்பற்றியிருக்க, சட்டையைச் சோதித்தல் அவசியம். குழந்தையும் அதற்குப் பழகும். படகு நின்றிருந்தாலும் கரையோடு கட்டியிருந்தாலும், திறந்த தளத்தில் சட்டையைக் கழற்றலாகாது.

வலையும் வாரும்

பெரிய தளமுள்ள படகில் கைப்பிடிக் கம்பிகளின் இடையே அடர்ந்த வலை கட்டுதல் சிறந்த காவலாகும். இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் குழந்தை நுழைந்துவிடலாம். ஏறி நிற்க உதவும் பெட்டிகளையும் இருக்கைகளையும் விளிம்பினின்று விலக்கி வைத்தல் வேண்டும். இடைவார் கட்டுவதாயின், விளிம்பை எட்டாத அளவுக்கு அது குறுகியதாகவும், பெரியவர் ஒரே இழுப்பில் விடுவிக்கத்தக்கதாகவும் இருக்கட்டும். கவிழக்கூடிய சிறு வள்ளத்தில் குழந்தையைப் படகோடு பிணைப்பது ஒருபோதும் கூடாது. படகு கவிழின் அவ்வாரே மரணக் கட்டாகிவிடும்.

நின்ற படகில் மின்சாரத்துக்காக இயந்திரம் ஓடுவதுண்டு. அதன் புகையில் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. காற்றோட்டமற்ற அறையில் அது தங்கி உறங்குவோரைக் கொல்லவல்லது. புகைப்போக்கி அருகே குழந்தையை உறங்க வைத்தலும், சாளரங்களை முற்றும் அடைத்தலும் தவறு. எவரேனும் நீரில் இறங்கும் முன், படகை உந்தும் இயந்திரம் நின்றுவிட்டதா என்று பார்த்தல் வேண்டும்.

குழந்தை விழுந்துவிட்டால்

நங்கூரமிட்ட படகு, நீரோட்டம் அடித்துச் செல்பவரைத் தொடர்ந்து செல்ல இயலாது. எனவே நின்றவுடன், மிதவை பிணைத்த 20 அல்லது 30 மீட்டர் கயிற்றை நீரோட்டத்தின் போக்கில் மிதக்கவிடுதல் அனுபவமுள்ள படகோட்டிகளின் முறை. இதற்குத் தேங்காய்நார்க் கயிறு அல்லது பாலிப்ரோபிலீன் கயிறு ஏற்றது, அவை மிதக்கும். நைலான் கயிறு நீரில் அமிழும், நீண்டு கொடுக்கும், ஆதலின் அது நங்கூரத்துக்கே உரியது. மிதக்கும் கயிற்றை உள்ளே இழுத்த பின்னரே இயந்திரத்தை இயக்கலாம்; இல்லையேல் அது சுழல்விசிறியில் சிக்கும்.

குழந்தை விழக் கண்டவர் கண்ணை எடுக்காமல் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டே நிற்றல் வேண்டும். கழியோ துடுப்போ எட்டினால் நீரில் குதியாமல் குழந்தையை மீட்க முயல வேண்டும். குதிப்பது தவிர்க்க முடியாதாயின், நீந்தத் தெரிந்தவரே, மிதவை ஒன்றைப் பற்றிக்கொண்டு குதிக்க வேண்டும்.

மீட்ட குழந்தையைத் தலைகீழாகத் தொங்கவிடுதல், சுழற்றுதல், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயலுதல் ஆகியவை பயனற்றவை, தீங்கும் செய்யும். குழந்தை மூச்சுவிடவில்லையாயின் தலையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மார்பு எழும்பும் அளவுக்குச் சிலமுறை மூச்சு ஊட்டுதல் முதற்பணி. உயிர்க்குறி தோன்றாவிடின் மார்பின் நடுவில், அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழுமாறு, 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு ஊட்டும் சுழற்சியைத் தொடர்தல் வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. மற்றொருவர் 112 எண்ணில் உதவி கோருக. மூச்சு மீண்டு குழந்தை தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றைச் செலவின்றி விளக்கிக் காட்டலாம். ஈர மணல் பரப்பிய தட்டில், நூல் கட்டிய சிறு கொக்கி ஒன்றை வைத்து மேல்நோக்கி இழுத்தால் அது பெயர்ந்துவிடும். நூலை நீளவிட்டுத் தாழ இழுத்தால் மணலைக் கவ்வும். நங்கூரத்தின் தத்துவம் இவ்வளவே. ஒரே நீளமுள்ள இரு குச்சிகளில் ஒன்றின் உச்சியில் பெரிய களிமண் உருண்டையும், மற்றொன்றின் அடியில் அதே அளவு உருண்டையும் பொருத்தி இரண்டையும் நிறுத்தி மெல்லத் தட்டினால், முதற்குச்சி முந்தி விழக் காணலாம். மூடிய ஒரு லிட்டர்ப் புட்டியை வாளி நீரில் அமிழ்த்த முயலும் மாணவன், மிதப்பு விசையைத் தன் கையாலேயே உணர்வான்.

செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் நூலறிவால் மட்டும் கைவருவன அல்ல. ஊராட்சிக்குப் பத்துப் பேரேனும் பயிற்சிப் பொம்மையின்மீது பழகுமாறு களப்பணியாளர் ஏற்பாடு செய்யலாம். படகோட்டிகளும் தாய்மாரும், படகிலேறிப் பள்ளிக்கு வரும் மூத்த மாணவரும் அவர்களுள் இருத்தல் நன்று.

புறப்படும் முன் குழந்தைக்கு அளவான சட்டை, விளிம்பில் வலை, பின்னால் மிதக்கவிட ஒரு கயிறு, குழந்தையைக் காக்கப் பெயர் குறித்த ஒருவர் என்னும் நான்கும் சரிபார்க்கப்படட்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் படகைச் சற்றுத் தாமதித்து எடுப்பதே அறிவுடைமையாகும்.