இமயப் பனியில் நம் பஞ்சங்களின் கணக்கு

‘தாது வருஷப் பஞ்சம்’ என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. 1876-இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று தக்காணம் முழுவதும் வயல்கள் காய்ந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பசியும் காலராவும் காய்ச்சலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

அந்த வறட்சிக்கு அரசு ஆவணங்களும் நாட்டுப்புறப் பாடல்களும் சாட்சி சொல்கின்றன. நாம் எதிர்பாராத இன்னொரு சாட்சியும் உண்டு. திபெத்தில், 8,027 மீட்டர் உயரமுள்ள ஷிஷாபங்மா சிகரத்தின் அருகே தாசுவோபு என்ற பனியாறு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 7,200 மீட்டர் உயரத்தில், மனிதர் மூச்சுவிடத் திணறும் அந்த இடத்தின் பனிக்குள் 1876-77-ஆம் ஆண்டின் வறட்சி பதிவாகியிருக்கிறது.

தூசு சொல்லும் செய்தி

தாசுவோபுவில் ஓர் ஆண்டு என்பது இரண்டு பருவங்களால் ஆனது. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் வறண்ட காற்று வீசி, தாழ்நிலங்களின் தூசைக் கொண்டுவந்து பனிமேல் படிய வைக்கிறது. ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்தியப் பெருங்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் பருவக்காற்று தூய பனியாகப் பொழிந்து அதை மூடிவிடுகிறது. மறு ஆண்டு மீண்டும் தூசு, மீண்டும் பனி. மேலே சேரும் எடை தாங்காமல் கீழே உள்ள பனி இறுகி, சில பத்து மீட்டர் ஆழத்தில் கெட்டியான பனிக்கட்டியாகிறது. தூசு அடுக்குகளை எண்ணினால் ஆண்டுகளை எண்ணிவிடலாம்.

பருவமழை பொய்த்த ஆண்டில் இந்த ஒழுங்கு மாறுகிறது. மழை இல்லாத மண் காய்ந்து புழுதியாகிறது. வறண்ட நிலத்தின் உப்பும் காற்றோடு எழுகிறது. இரண்டும் மலையேறிப் பனியில் படிகின்றன. தூசும் குளோரைடும் ஒருசேர உயர்ந்திருந்தால், அந்த ஆண்டில் கீழே நிலம் தவித்தது என்று பொருள்.

கணக்கில் பிசகு வராமல் இருக்க, தேதி தெரிந்த வேறு அடையாளங்களும் உதவுகின்றன. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்கள் உலகெங்கும் பனியில் விழுந்திருக்கின்றன. 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தபோது பரவிய கந்தகம் கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் சல்ஃபேட் படிவாகத் தெரிகிறது.

7,200 மீட்டரில் ஒரு துளை

தாசுவோபுவைத் துளைத்தவர்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோனி தாம்சனும், சீனப் பனியாற்று அறிஞர் யாவ் தாண்டோங்கும், அவர்களுடைய குழுவினரும். துருவங்களில்தான் பழங்காலத் தட்பவெப்பத்தைத் தேட வேண்டும் என்று அறிவியல் உலகம் நம்பியிருந்த காலத்தில், வெப்பமண்டல மலைகளின் உச்சிக்குப் போக வேண்டும் என்று வாதாடியவர் தாம்சன். உலக மக்களில் பெரும்பகுதியினர் வாழ்வது அந்த மலைகளின் கீழேதான் என்பது அவர் சொன்ன காரணம். 1983-இல் பெரு நாட்டின் கெல்காயா பனிமுகட்டில், சூரிய மின்சாரத்தால் இயங்கும் கருவியைக் கொண்டு துளையிட்டு 1,500 ஆண்டு வரலாற்றை எடுத்துவந்து அதை நிரூபித்தார்.

நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடும்போது பாறை பொடியாகி வெளியே வரும். பனியைத் துளைப்பவர்களுக்கு அது ஆகாது. எந்த அடுக்கும் குலையக் கூடாது. அதனால், விளிம்பில் வெட்டுப்பற்கள் பொருத்திய உள்ளீடற்ற குழாயைச் சுழற்றி இறக்குகிறார்கள். நடுவில் உள்ள பனி, உருளையாகக் குழாய்க்குள் நின்றுவிடும். சுமார் ஒரு மீட்டர் நீளம் வந்ததும் மேலே இழுத்து, எண்ணிட்டு, உறையிட்டு, மீண்டும் கருவியை இறக்க வேண்டும். தாசுவோபுவில் 1997-இல் இப்படி மூன்று துளைகள் இடப்பட்டன. ஆழம் ஏறத்தாழ 150 முதல் 170 மீட்டர் வரை. எடுத்த உருளைகள் உருகாமல் மலையிறங்கி, கடல் தாண்டி, ஆய்வகத்தின் உறைகுளிர் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு பகல் வெயில் பட்டால் நூற்றாண்டுகள் அழிந்துவிடும்.

முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. 1876-77 வறட்சி தூசிலும் குளோரைடிலும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கடந்த ஆயிரம் ஆண்டுகளில் மிகக் கொடியது அது அல்ல. 1790 முதல் 1796 வரை நீடித்த பருவமழைச் சரிவுதான் எல்லாவற்றையும் மிஞ்சியது.

அந்த ஆண்டுகளையும் நம் வரலாறு அறியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ராக்ஸ்பர்க், இன்றைய ஆந்திராவின் சாமல்கோட்டையில் மழையை அளந்துவந்தார். 1789-இல் தொடங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் மழை தவறியதை எழுதிவைத்தார். தக்காணத்திலும் குஜராத்திலும் 1791-92 ஆண்டுகளுக்கு மக்கள் இட்ட பெயர் மண்டையோட்டுப் பஞ்சம். இறந்தவர்களைப் புதைக்கவும் எரிக்கவும் ஆளில்லாமல் எலும்புகள் நிலத்தில் கிடந்ததால் வந்த பெயர்.

பனிக்குத் தெரியாதது

பனி சொல்வது வறட்சியை மட்டும்தான். பஞ்சத்தை அது சொல்லாது. 1876-க்குப் பிறகும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. நிவாரண முகாம்களில் நாள் முழுவதும் உழைத்தவர்களின் கூலியை, உயிர் தாங்காத அளவுக்குக் குறைத்தது அன்றைய அரசு. இவை எந்தப் பனி அடுக்கிலும் படியவில்லை. மழை தவறியது இயற்கை. அந்தத் தவறைச் சாவாக மாற்றியதில் ஆட்சியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பனி உதவுகிறது. எந்த அளவு வறட்சி வந்தது என்று அது சொன்னால்தான், மிச்சத்துக்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்க முடியும்.

துருவப் பனி இன்னும் பழைய கணக்கை வைத்திருக்கிறது. டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட், பனியில் உள்ள கனமான ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தைக் கொண்டு, அந்தப் பனி விழுந்த காலத்தின் வெப்பநிலையைக் கணிக்கலாம் என்று காட்டினார். கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் 1966-இல் 1,387 மீட்டர் ஆழம் வரை எடுத்த உருளையிலிருந்து ஒரு லட்சம் ஆண்டு வெப்பநிலை வரலாறு கிடைத்தது. அண்டார்க்டிகாவின் டோம் சி-யில் ஐரோப்பியர்கள் எடுத்த உருளை 8 லட்சம் ஆண்டுகள் பின்னே போகிறது. அதன் குமிழ்களில் அடைபட்டிருப்பது அந்தந்தக் காலத்தின் உண்மையான காற்று. அந்த 8 லட்சம் ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கை ஒட்டிய அளவைத் தாண்டவே இல்லை. இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது.

அழியும் ஆவணம்

மானசரோவர் ஏரிக்குத் தெற்கே குர்லா மாந்தாதா மலை இருக்கிறது. திபெத்தியர்கள் அதை நைமோனானி என்பார்கள். தாம்சன் குழுவினர் 2006-இல் அங்கே 6,050 மீட்டர் உயரத்தில் துளையிட்டார்கள். வழக்கம்போல் அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்க அடுக்கைத் தேடினார்கள். அது இல்லை. ஆயிரக்கணக்கான மைல் கடந்து உலகம் முழுவதும் விழுந்த துகள்கள் அந்த மலையை மட்டும் விட்டிருக்க வாய்ப்பில்லை. விழுந்த பனியே உருகிப் போயிருந்தது. 1950 வாக்கிலிருந்து அங்கே நிகரமாகப் பனி சேரவே இல்லை. அதாவது, அந்தப் பனியாறு தன் வரலாற்றை மேலிருந்து கீழாக இழந்துகொண்டிருக்கிறது.

உருகும் நீர் மேலடுக்குகளை அழிப்பதோடு நிற்பதில்லை. கீழே கசிந்து, தூசையும் உப்பையும் கலைத்து, ஆண்டுகளை ஒன்றோடொன்று குழப்பிவிடுகிறது. பனி எஞ்சியிருந்தாலும் அதைப் படிக்க முடியாமல் போகிறது. இதை உணர்ந்த விஞ்ஞானிகள் ‘ஐஸ் மெமரி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆல்ப்ஸ் போன்ற மலைகளிலிருந்து உருளைகளை எடுத்து, அண்டார்க்டிகாவின் இயற்கைக் குளிரில் வருங்கால ஆய்வாளர்களுக்காகச் சேமிக்க முனைந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இந்த வேலைக்கான திறன் உண்டு. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தில் பனி உருளைகளுக்கென்றே உறைகுளிர் ஆய்வகம் இருக்கிறது. அதே மையம் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் ‘ஹிமான்ஷ்’ ஆய்வு நிலையத்தை 2016-இல் அமைத்தது. இமயத்தின் உயரமான, இன்னும் உருகாத பனியாறுகளை அங்கிருந்து முன்னுரிமையோடு துளைத்துக் காப்பது, எந்த விண்வெளித் திட்டத்துக்கும் குறையாத தேசப்பணி.

சென்னையில் மழையளவு 1813 முதல் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது 1875-இல். நாட்டின் நீர்த் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்துக்குள் கிடைத்த அளவுகளை நம்பித்தான் வகுக்கப்படுகின்றன. பனியோ, இந்தக் கணக்குகள் தொடங்கும் முன்பே, தாது வருஷத்தையும் மிஞ்சிய ஒரு வறட்சி ஏழு ஆண்டுகள் நீடித்தது என்கிறது. ஒரு முறை நடந்தது மறுமுறையும் நடக்கும். காவிரியின் தலைப்பகுதியில் ஏழு ஆண்டுகள் தென்மேற்குப் பருவமழை சரிந்தால் மேட்டூர் என்ன ஆகும், டெல்டா என்ன விதைக்கும், சென்னை எதைக் குடிக்கும் என்ற கேள்விகளுக்கு இன்றே விடை எழுதிவைக்க வேண்டும். வறட்சியைத் தடுக்கும் வலிமை நமக்கு இல்லை. அது பஞ்சமாகாமல் தடுக்கும் வலிமை 1876-இலும் இருந்தது, பயன்படுத்தப்படவில்லை. ‘தெரியாது’ என்ற சாக்கு நமக்குச் செல்லாது. அன்றைய ஆட்சியாளர்களுக்குத் தெரியாத ஆயிரம் ஆண்டுக் கணக்கு இன்று நம் கையில் இருக்கிறது.