உப்புக் காற்றில் ஒரு ஹீட் பம்ப்

ஹீட் பம்ப் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஏசியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே எந்திரம்தான். ஓர் இடத்தில் இருக்கிற வெப்பத்தை எடுத்து இன்னொரு இடத்தில் கொட்டுவதுதான் அதன் வேலை. குளிர் நாட்டுக்காரன் வெளியிலிருந்து உள்ளே கொட்டுகிறான், நாம் உள்ளேயிருந்து வெளியே கொட்டுகிறோம். கனடாவில் இருக்கும் என் மச்சான் அவன் வீட்டு ஹீட் பம்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பனி, பனி என்றே புலம்புவான். வெளி யூனிட்டில் உறைபனி படியும், அதை உருக்க எந்திரமே அவ்வப்போது திருப்பி ஓடும், சுற்றிலும் பனியை வெட்டித் தள்ள வேண்டும். எங்களுக்குப் பனி இல்லை. உப்பு இருக்கிறது.

மரக்காணத்தில் அப்பா அம்மா இருக்கும் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். இன்னொரு பக்கம் போனால் உப்பளம், அதையும் தாண்டிக் கழுவெளி. நாலு வருஷம் முன்னாடி, அக்னி நட்சத்திரம் நடுவில், அங்கே இருந்த ஒன்றரை டன் ஏசி குளிர்வதை நிறுத்தியது. அப்பாவுக்கு மூச்சு வாங்கும். மே மாசப் புழுக்கத்தில் அந்த அறை இல்லாமல் அவரால் தூங்க முடியாது. நான் சென்னையிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார், போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார். போட்டார். அதற்கு முந்தின வருஷமும் போட்டார்கள். அதற்கும் முந்தின வருஷமும்.

நான் கம்ப்யூட்டர் ஆள். ஒரே பிழை மூன்று தடவை வந்தால் சர்வரை மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டுப் போக மாட்டோம், எங்கே ஒழுகுகிறது என்று தேடுவோம். ஏசி கேஸ் என்பது ஸ்கூட்டர் பெட்ரோல் இல்லை, ஓடி ஓடித் தீர்ந்து போக. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

அன்றைக்கு வெளி யூனிட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்து இருந்தன. விரலை வைத்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. ஒரு டன் என்றால் ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கும் திறன். ஒன்றரை டன் எந்திரம் 5.3 கிலோவாட் வெப்பத்தை உள்ளேயிருந்து எடுக்கும். கம்ப்ரசர் தின்னும் மின்சாரம் ஒன்றரைக் கிலோவாட் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து 6.8 கிலோவாட்டை வெளி யூனிட் காற்றில் விட்டாக வேண்டும். விடுவது அந்த மெல்லிய தகடுகள் வழியாகத்தான். தகடு போனால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே கேஸின் வெப்பநிலை ஏறும், அதோடு அழுத்தமும் ஏறும். ஆர்-32 கேஸ் 50 டிகிரியில் சுமார் 31 பார் அழுத்தத்தில் இருக்கும், 60 டிகிரியில் 39 பார் ஆகிவிடும். அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுவது கம்ப்ரசர். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் மின்சாரம் தோராயமாக 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. கரன்ட் பில் ஏறியதை அம்மா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஒரு சின்ன விலகல். வெப்பத்தை இப்படி ஏற்றி இறக்கலாம் என்று 1852-இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர். சில வருஷங்களிலேயே, 1855-57 வாக்கில், பீட்டர் ரிட்டிங்கர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் முதல் ஹீட் பம்பைக் கட்டினார். எங்கே கட்டினார் தெரியுமா? எபன்சே என்ற ஊரின் உப்பு ஆலையில்! உப்புநீரைக் காய்ச்சும்போது வீணாகப் போகிற நீராவியை அழுத்திச் சூடேற்றி மறுபடி காய்ச்சவே பயன்படுத்துவது அவர் யோசனை. அங்கே விறகை எரித்துக் காய்ச்சினார்கள், நம் ஊரில் வெயில் சும்மா காய்ச்சிக் கொடுக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் ஊர் ஏசியைப் பார்த்தால் கொஞ்சம் பாசம் வருகிறது. உப்பு ஆலையில் பிறந்தது உப்பளத்து ஓரத்தில் வந்து சாகிறது.

சரி, உப்பு எப்படி அரிக்கிறது? பக்கத்து வீட்டில் அளத்து வேலைக்குப் போகும் ஒரு அம்மா இருக்கிறார். நான் துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "உப்பு காஞ்ச மாதிரி தெரியும் தம்பி, காயாது. ராத்திரி வந்து தொட்டுப் பாரு" என்றார். ராத்திரி தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு என்று ஈரம். மழையும் இல்லை, பனியும் இல்லை.

அவர் சொன்னதன் வேதியியல் இதுதான். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆனால் கடல் உப்பு சுத்தமான சோடியம் குளோரைடு இல்லை. லிட்டருக்கு 35 கிராம் உப்பு உள்ள கடல்நீரில் மக்னீசியமும் 1.3 கிராம் அளவுக்கு இருக்கிறது. மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிய ஆரம்பித்துவிடும். அளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணியில் இருப்பது இதுதான். ஆக, கடலோரத்தில் தகடு மேல் படிந்த உப்பு பகலில்கூட முழுசாகக் காய்வதில்லை. நாள் முழுக்க உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம்.

அந்தப் படலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? செப்புக் குழாய், அதை இறுக்கிப் பிடித்த அலுமினியத் தகடு. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் படித்த மின்கலமேதான். அந்தக் கலத்தில் கரைவது அலுமினியம், செம்பு இல்லை. குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் முதலில் கரையும். அதனால் வெளியே தகடு நிற்பது போலத் தெரிந்தாலும் குழாயோடு தொடர்பு விட்டுப்போயிருக்கும். நீலத் தகடு, தங்கத் தகடு என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் இதைத் தள்ளிப்போடும் பூச்சுகள். தள்ளிப்போடும், அவ்வளவுதான். கீறல் விழுந்த இடத்தில் கதை பழையபடி ஆரம்பம். வாங்கும்போது வாரண்டி அட்டையில் கடலோர அரிப்பைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். நான் படிக்கவில்லை.

ஊரில் எல்லோரும் உப்பளத்தைத்தான் குறை சொல்கிறார்கள். 3,000 ஏக்கருக்கு மேல் உப்பு காய்ந்தால் காற்றில் வராதா என்று. எனக்குச் சந்தேகம் வந்தது. பாத்தியில் நிற்கும் தண்ணீர் அசையாதது, அது ஆவியாகும்போது உப்பு கீழேயே நின்றுவிடும். அலை உடையும் இடத்தில் நுரைக்குமிழ்கள் வெடித்துத்தான் உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. வீட்டின் நாலு பக்கமும் ஒவ்வொரு கண்ணாடித் தகடு மாட்டி, ஒரு வாரம் கழித்துக் குடிதண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன். கடல் பார்த்த கிழக்குச் சுவர்த் தகடுதான் எல்லாவற்றிலும் அதிகம், அளம் பார்த்த மேற்குச் சுவர் ரொம்பக் குறைவு. ஒரு வீடு, ஒரு வாரம், ஒரு மலிவு மீட்டர். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் காரைக்குடி சிக்ரி போல, மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் புது யூனிட்டை மேற்குச் சுவரில் மாட்ட எனக்கு அது போதுமானதாக இருந்தது. சாயங்கால வெயில் படும்தான். வெயிலை விட உப்பு மோசம் என்று முடிவு எடுத்தேன்.

இனி பருவம். இதில்தான் நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம்தான் துரு பிடிக்கும் காலம் என்று நினைத்து, பழைய யூனிட்டுக்கு மேலே தகரக் கூரை போட்டு, ஐப்பசியில் தார்ப்பாயும் சுற்றி வைத்திருந்தேன். அதைக் கொன்றதே அந்தக் கூரைதான் என்று இப்போது நம்புகிறேன். கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து வைக்கும், மழை வந்து கழுவிவிடும். கூரைக்கு அடியில் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். தார்ப்பாய் ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைக்கும். வெளி யூனிட் மழையில் நனையவே செய்யப்பட்டது. நனையட்டும்.

அதனால் எங்கள் வீட்டு நாட்காட்டி அளத்தைப் பார்த்துத்தான். பொங்கலுக்குப் பிறகு பாத்தி மிதித்து வேலை ஆரம்பித்தால் எங்களுக்கும் வேலை ஆரம்பம். உப்பு விளையும் வெயில் என்றால் மழை இல்லை, மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று, ஏசியும் ராத்திரி முழுக்க ஓடும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை யூனிட்டைக் கழுவுகிறோம். ஆடி, ஆவணியில் பகலில் மேற்குக் காற்று, சாயங்காலம் அவ்வப்போது இடி மழை. அப்போது மாசம் ஒரு தடவை போதும். அளத்தில் தண்ணீர் நின்று வேலை நிற்கிற ஐப்பசி, கார்த்திகையில் வானமே கழுவிக் கொடுக்கும். தை மாசத்துப் பனி ஈரம் இருக்கிற உப்பைக் கரைக்கும், ஆனால் கழுவிக்கொண்டு போகாது. அதனால் ஏசியே போடாத அந்த மாசத்திலும் ஒரு தடவை.

எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பது அடுத்த கேள்வி. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை மாற்றி உப்பை வைத்த மாதிரி. விடை ஏசிக்குள்ளேயே இருந்தது. உள் யூனிட்டின் வடிகுழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், கிட்டத்தட்ட காய்ச்சி வடித்தது. இந்தப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் தாராளமாகச் சேரும். அதைச் செடிக்கு மருந்து அடிக்கும் கைப் பம்பில் ஊற்றி மெதுவாகப் பீய்ச்சினால் போதும். எம்சிபியை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், வயர் பெட்டி இருக்கும் பக்கம் தண்ணீர் அடிக்கக் கூடாது. கார் கழுவும் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம், தகடு மடங்கிவிடும். ஆசிட் கலந்த காயில் கிளீனரைக் கொண்டுவரும் ஆட்களை அம்மா இப்போது வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.

புயலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது இங்கே மழை கொட்டியது. ஆனால் புயல் காற்று மழையோடு கடலையும் கொண்டுவரும். மழை நின்று காற்று மட்டும் அடிக்கும்போது படிவது வெறும் உப்பு. புயல் முடிந்ததும் முதல் வேலை கழுவுவது. தண்ணீர் ஏறி யூனிட் மூழ்கியிருந்தால் கழுவினாலும் போடக் கூடாது, மின்சாரப் பலகையைத் திறந்து பார்த்துக் காயவைத்த பிறகுதான். கரன்ட் வந்த சந்தோஷத்தில் ஸ்விட்சைப் போட்டு பிசிபியை எரித்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். புது யூனிட்டைத் தரையில் வைக்காமல் சுவரில் மாட்டினதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேஸ் விஷயத்துக்குத் திரும்பினால், பழைய யூனிட்டின் ஓட்டை கடைசியில் தகட்டுப் பக்கம் இல்லவே இல்லை. குழாயை முடுக்கும் நட்டு இணைப்பில் இருந்தது. சோப்பு நுரை தடவியதும் குமிழ் வந்தது. பத்து நிமிஷ வேலை, மூன்று வருஷம் யாரும் செய்யவில்லை. இப்போது வருபவரிடம் நான் கேட்பது மூன்றுதான்: நைட்ரஜன் அடித்து ஓட்டை பாருங்கள், வேக்கம் போடுங்கள், கேஸைத் தராசில் எடை பார்த்து ஏற்றுங்கள். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. மூடிய அறைக்குள் பற்றவைக்கிற வேலை செய்தால் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பாவம் அவர் உயிரும்தான்.

கடைசியாக, அசல் ஹீட் பம்ப். போன வருஷம் கீசருக்குப் பதில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் மாட்டினோம். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம். மார்கழியிலும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும் ஊர் என்பதால் மச்சானுடைய பனித் தொல்லை இதற்கு இல்லை. அதன் தகட்டுக்கும் அதே பக்கெட் தண்ணீர்தான். ஆனால் இதன் நோய் வெளியே இல்லை, தொட்டிக்குள். தொட்டியின் இரும்பைக் காப்பாற்ற உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி தொங்குகிறது, இரும்புக்குப் பதிலாக அது கரையும். அதே மின்கலம்தான், இந்தத் தடவை நமக்குச் சாதகமாக. கரிக்கும் தண்ணீரில் கம்பி சீக்கிரம் தீரும், தீர்ந்த பிறகு தொட்டி கரைய ஆரம்பிக்கும். போன மாசம் கழற்றிப் பார்த்தோம். கட்டைவிரல் தடிமன் இருந்தது பென்சில் அளவுக்கு வந்திருக்கிறது. புதுக் கம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை அம்மா குடிதண்ணீர் லைனை அதில் கொடுக்கச் சொல்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார்.