விண்மீனுக்குப் பெயரை விலைக்கு வாங்க முடியுமா?

ஆலங்குடியில் நான் பணியாற்றும் பள்ளியில் விண்வெளிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் அப்பா, பிறந்தநாள் பரிசாக இணையத்தில் பணம் கட்டி ஒரு விண்மீனுக்கு அவள் பெயரை வைத்திருந்தார். "சார், இது வானத்துல எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லக் கூடாது. வகுப்பு முன்னிலையில் அவள் முகம் வாடவும் கூடாது. "நாளைக்குப் பார்ப்போம்மா" என்றேன். மறுநாள் பெயர் சூட்டும் முறையையே பாடமாக எடுத்தேன்.

விண்பொருள்களின் பெயர்களை ஏற்கும் பொறுப்பு, 1919இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வானியல் ஒன்றியத்திடம் உள்ளது. அது பெயர்களை விற்பதில்லை. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் நிறுவனங்களின் பெயர்களை வானியலாளர்கள் பயன்படுத்துவதும் இல்லை.

சிறுகோளுக்கு முதலில் தற்காலிகக் குறியீடு தரப்படும். சுற்றுப்பாதை உறுதியானதும் நிரந்தர எண் கிடைக்கும். பிறகு, கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம். பெயர் 16 எழுத்துருக்களுக்குள் இருக்க வேண்டும். அரசியல் அல்லது இராணுவத் தலைவர் என்றால், அவர் மறைந்து 100 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். விளம்பரப் பெயர்களுக்கு இடமில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே சான்றுகள் உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர்; எண் 67. 1988இல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆர். இராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளின் பெயர் 'இராமானுஜன்', எண் 4130. புதன் கோளின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பெயர்களை இடுவது மரபு. அங்கே நம் திருவையாற்றுத் தியாகராஜரும் இருக்கிறார். சந்திரயான்-3 தரையிறங்கிய இடத்துக்கு 2023 ஆகஸ்டில் இந்தியா அறிவித்த 'சிவசக்தி' என்ற பெயரைக்கூட, 2024 மார்ச்சில்தான் ஒன்றியம் ஏற்றது.

பெயரிட்டால் அது சொந்தமாகிவிடுமா? இல்லை. நிலவையோ வேறு விண்பொருளையோ எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது என்கிறது 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம்.

வகுப்புக்கு முன்பே அந்த மாணவியைத் தனியே அழைத்து, "பட்டியலில் இந்தப் பெயர் இல்லம்மா. ஆனால் அப்பாவின் அன்பு பொய்யில்லை" என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றாள். "அப்பாகிட்ட சொல்ல வேணாம் சார், வருத்தப்படுவாங்க" என்றாள். அந்த முடிவை அவளிடமே விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மாணவர்களே ஒரு பெயர்சூட்டுக் குழு அமைத்தார்கள். பள்ளி வளாக மரங்களுக்கு முதலில் எண், பிறகு காரணத்துடன் பெயர், ஒரே பெயர் இருமுறை கூடாது என விதி வகுத்தார்கள். அவளும் குழுவில் இருந்தாள். ஒரு பெயரை ஏற்கும்முன் எவ்வளவு விவாதிக்க வேண்டியிருக்கிறது என்பது அனைவருக்கும் புரிந்தது.

தொலைநோக்கிப் படங்களில் பள்ளி மாணவர்களே சிறுகோள்களைத் தேடும் பன்னாட்டுத் திட்டங்கள் கட்டணமின்றி நடக்கின்றன. கணினியும் இணையமும் உள்ள பள்ளிகள் முயன்று பார்க்கலாம். பெயரை விலைக்கு வாங்கத் தேவையில்லை. தேடிக் கண்டுபிடித்தவருக்கே முன்மொழியும் வாய்ப்பு கிடைக்கும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.