மீண்டும் வந்த புற்றுக்கு ஒளியால் ஒரு சிகிச்சை

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை இழந்து, கதிர்வீச்சும் பெற்று, இனிக் கவலையில்லை என்று வீடு திரும்பிய பெண்மணி, சில ஆண்டுகள் கழித்துத் தழும்பின் ஓரத்தில் சிவந்த சிறு முடிச்சுகளைக் காண்கிறார். நோய் அதே இடத்துத் தோலில் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. முன்பே கதிர்வீச்சு பாய்ந்த தோலுக்கு மறுபடியும் முழு அளவில் அதனைக் கொடுப்பது கடினம். வெட்டியெடுப்பதும் எல்லோருக்கும் இயலாது. இத்தகையோருக்காக ஆராயப்பட்டு வரும் முறைகளுள் ஒன்றே ஒளி இயக்கச் சிகிச்சை.

இதன் தொடக்கம் தற்செயலானது. 1900ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயம் நீரில் வாழும் நுண்ணுயிர்களை எவ்வாறு கொல்கிறது என ஆராய்ந்தார். அதே அளவு சாயம் ஒருநாள் விரைந்து கொன்றது. மற்றொருநாள் அவ்வாறு கொல்லவில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் வெளிச்சமே என்று பிறகு தெரிந்தது!

அதனைப் புற்றுநோய் மருத்துவமாக வளர்த்தவர், அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் நிலையத்தின் வேதியியல் அறிஞர் தாமஸ் டோஹெர்ட்டி. 1978இல் அவர் குழுவினர் 25 நோயாளிகளின் 113 கட்டிகளைப் பற்றி எழுதினர். அவற்றுள் 98 முற்றிலும் மறைந்தன. 13 ஓரளவு சுருங்கின. இரண்டு மட்டும் இணங்கவில்லை. மார்பகப் புற்று தோலில் பரவியவர்களும் அந்நோயாளிகளில் இருந்தனர்.

போர்ஃபிமர் சோடியம் என்னும் மருந்தை நரம்பில் ஊசியாகச் செலுத்துகின்றனர். புற்றணுக்களில் அது கூடுதல் நேரம் தங்கும். ஏறத்தாழ இரண்டு நாள் சென்றபின், 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைக் கட்டியின்மீது பாய்ச்சுகின்றனர். ஒளிபட்ட மருந்து அங்குள்ள ஆக்சிஜனை வீரியப்படுத்துகிறது. அது புற்றணுக்களைக் கொன்று, அவற்றுக்கு உணவூட்டும் நுண்குழாய்களையும் அடைக்கிறது.

ஆனால் அவ்வொளி ஒரு சென்டிமீட்டர் ஆழம் செல்வதே அரிது. தடித்த கட்டிகளிடம் அது தோற்றுவிடும். உடலின் உள்ளே பரவிய நோயையும் அது தொடாது. வலியும் புண்ணும் உண்டு. கனடா 1993இல் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், அமெரிக்கா 1995இல் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் இம்மருந்தை ஏற்றன. மார்புத் தோலில் திரும்பிய புற்றுக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை. ஆகவே மருத்துவர் தரும் மற்ற மருந்துகளை இதை நம்பி நிறுத்துவது பேராபத்து.

முடிச்சு சிறிதாக இருக்கும்போதுதான் எந்தச் சிகிச்சைக்கும் வழி மிகுதி. ‘இந்த இடத்தைப் போய் எப்படிக் காட்டுவது?’ என்று நம் சகோதரிகள் மாதக்கணக்கில் மறைத்து வைப்பதுதான் வேதனை. பெண் மருத்துவரிடம் காட்டலாமே!

ஊசி போட்ட பின் குறைந்தது 30 நாட்களுக்கு வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துவிடும். வெயில் தடுப்புக் களிம்பு இங்கே பயன்படாது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே தீங்கு செய்கிறது. பர்தா அணிபவர்கள் முகத்தையும் கைகளையும் சேர்த்து மூடி, கறுப்புக் கண்ணாடியும் அணிய வேண்டும். அதற்காக இருட்டறையில் முடங்கிக் கிடப்பதும் தவறு. வீட்டுக்குள்ளிருக்கும் சாதாரண வெளிச்சந்தான் தோலில் எஞ்சிய மருந்தை மெல்ல மெல்லக் கரைக்கிறது.