பண்புகளும் திறன்களும் (பாத்திரமேற்று ஆட்டம்)

பாத்திரமேற்று ஆட்டங்களில் ஒரு கதைமாந்தரின் உடல், மன ஆற்றல்களை எண்ணால் குறிப்பவை பண்புகள் எனப்படும். நீந்துதல், பூட்டைத் திறத்தல், பேரம் பேசுதல் போன்று பயின்று பெறுபவை திறன்கள்.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ், வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், கவர்ச்சி என ஆறு பண்புகளைக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று அறுமுகப் பகடைகள் உருட்டப்பட்டன. மொத்தமுள்ள 216 வாய்ப்புகளில் ஒன்றில் மட்டுமே 18 விழும். 10 அல்லது 11 விழ 54 வாய்ப்புகள் உண்டு. இதனால் நடுத்தரமானவர்களே மிகுதியாகப் பிறப்பர், வீரர்கள் அரிது.

1978-இல் வந்த ரூன்குவெஸ்ட், திறன்களை நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிட்டது. பயன்படுத்தி வெற்றி கண்ட திறனே அதில் வளரும். கைதேர்ந்தவருக்கு மேலும் வளர்வது கடினம். 1986-இல் வெளிவந்த கர்ப்ஸ் பகடையை விடுத்து, புள்ளிகளைப் பங்கிட்டுக் கதைமாந்தரை அமைக்கச் செய்தது.

பண்பும் திறனும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பதே வடிவமைப்பில் கடினமான இடம். விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலை ஆட்டக்களமாகக் கொள்ளலாம். அறுந்த இழையை முடிந்து தறியை ஓட்ட வேண்டும். புதியவரின் லாவகம் 16, தறித்திறன் 0. பழகியவரின் லாவகம் 10, தறித்திறன் 8. இரண்டையும் கூட்டினால் 16-க்கு 18 என்று பழகியவர் முந்துவார். ஆனால் திறனின் உச்சம் 4 என்று விதி இருந்தால் அவருக்குக் கிடைப்பது 14 மட்டுமே. எத்தனை ஆண்டு தறி ஓட்டினாலும் அவர் தோற்பார். அந்த ஓர் எண்ணே பிறப்பா, பயிற்சியா என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஆடுபவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

இத்தகைய விதிகள் சர்ச்சைக்கும் உள்ளாயின. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் 1978 விதிநூல் பெண் கதைமாந்தரின் வலிமைக்கு ஆண்களைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது; 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. இனத்தைப் பொறுத்துப் பண்புப் புள்ளிகள் கூடும் வழக்கம் இன்னும் நீடித்தது. 2020-இல் அப்புள்ளிகளை விரும்பிய பண்புக்கு மாற்றிக்கொள்ளும் விருப்ப விதி வந்தது. 2024 விதிநூல் அவற்றைக் கதைமாந்தரின் முந்தைய தொழிலை, வாழ்க்கையைக் குறிக்கும் பின்புலத்தோடு இணைத்தது. தொழிலே பிறப்பால் அமையும் ஊர்களைக் களமாகக் கொண்டால், இதுவும் பாதி மாற்றமே.